வருந்துகிறோம்

உங்கப்பாவை நான் கடைசியா உயிரோட பார்த்தது கோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல, அவரு வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில. ரெண்டு வருஷம் முந்தி, ஆடி மாசம். என் வீட்டுக்காரி இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. இறப்புச் சான்றிதழை நகல் எடுக்கப் போனேன். அவரு அங்க இருப்பாருன்னு தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன். இல்ல, உங்ககிட்ட வந்து பொய் சொல்லக் கூடாது. தெரியும். பக்கத்துல இன்னொரு கடை உண்டு, அன்னைக்கு அது பூட்டியிருந்தது. அதனாலதான் போனேன்.

தாளை வாங்கினாரு. பேரைப் படிச்சாரு. "சண்முகக்கனி"ன்னு வாய்விட்டுச் சொன்னாரு. அவரு குரல் உங்களுக்குத் தெரியாததா? என் பொண்டாட்டி பேரு அவ்வளவு நல்ல பேருன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"எப்போ போனாங்க பால்வண்ணம்?"

"போன மாசம், அண்ணாச்சி."

"அடடா."

பத்து நகல் எடுத்தாரு. சூடு ஆறாத தாளை மேசையில ரெண்டு தட்டு தட்டி, மூலைக்கு மூலை சேர்த்துக் குடுத்தாரு. செய்தி வாசிக்க உட்காரும்போதும் தாளை அப்படித்தான் தட்டுவாரு. குடுத்துட்டு ஒண்ணு கேட்டாரு: "எட்டுல இப்போ யாராவது இருக்காங்களா?"

"இல்ல அண்ணாச்சி. காலியாத்தான் இருக்கு."

சிரிச்சாரு. கேலிச் சிரிப்பு இல்லம்மா. பின்னால ஒருத்தர் ஆதார் கார்டை நீட்டினாரு, நான் நகர்ந்துட்டேன். அவ்வளவுதான். வாசல்ல செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன், அந்த ஆதார் கார்டைத் துடைச்சிக்கிட்டிருந்தாரு.

நிக்காதீங்க, உட்காருங்க. பென்டிரைவை அந்த மேசையில வைங்க. மூணு மணி வரைக்கும் ரேடியோவுல பதிவு பண்ணின நிகழ்ச்சிதான் ஓடும், யாரும் வர மாட்டாங்க. அப்பாவோட வருஷத் திருப்பலியில, கோயில்ல போட அவரு குரல் வேணும்னு கேட்டீங்க. நியாயம்தான். குடுக்கறேன். ஆனா குடுக்கறதுக்கு முந்தி எட்டு நம்பரைப் பத்திச் சொல்லணும். அதைச் சொல்லாம அந்தக் குரலைக் குடுக்க முடியாது. ஏன்னு கடைசியில உங்களுக்கே தெரியும்.

நான் படிச்சு வந்தவன் இல்லம்மா. மைக்செட்டுக்காரன். பால்வண்ணம் சவுண்ட் சர்வீஸ்னு ஒரு காலத்துல தெற்கே ஆலந்துறைக் கரை வரைக்கும் தெரியும். மைக்செட்டு வேலையில ஒரே ஒரு பாடம்தான். சத்தம் வரலையா, ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போ. மைக்குலயிருந்து பெட்டி, பெட்டியிலயிருந்து குழாய். எங்கேயோ ஒரு இடத்துல அத்துப்போயிருக்கும், இல்ல எலி கடிச்சிருக்கும். பிடிச்சுக்கிட்டே போனா அகப்பட்டுரும். இருபது வருஷம் அப்படித்தான் பிழைச்சேன்.

இந்த ரேடியோ ஸ்டேஷனை டிரஸ்டு ஆரம்பிச்சப்போ என்னைக் கூப்பிட்டாங்க. அப்பவும் ஒயர்தான். உங்கப்பாவும் நானும் ஒரே வாரத்துல சேர்ந்தோம். அவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நாலு வருஷம் கழிச்சு சென்னையிலயிருந்து ஒரு என்ஜினியர் வந்து எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டாரு. அதுக்குப் பதிலா கம்ப்யூட்டருக்குப் போடுவாங்கள்ல, அந்த மாதிரி ஒத்தை லேன் ஒயர். மைக், பாட்டு, போன், எல்லாமே அந்த ஒத்தை ஒயருக்குள்ள போகுது. அப்போ எது எங்கே போகுதுன்னு எப்படித் தெரியும்? நம்பர். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நம்பர். உங்கப்பா மைக் ஒண்ணு. விருந்தாளி மைக் ரெண்டு. எந்தப் பெட்டிக்கு எது வேணுமோ அந்த நம்பரைச் சொல்லி வச்சா, அது அதை எடுத்துக்கும். ஒயரே கிடையாது பிடிச்சுப் போக.

நாலு நாள் சொல்லிக் குடுத்துட்டு அவரு ரயிலேறிட்டாரு. மிச்சத்தை நானே அகராதியை வச்சுக்கிட்டுப் படிச்சேன். நல்லாவே படிச்சேன். இதைப் பெருமைக்குச் சொல்லலை. படிக்காததனால வந்த தப்புன்னு நீங்க நினைச்சிரக் கூடாதுன்னு சொல்றேன்.

அதுல ரெண்டு நம்பரை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இந்தா, என் முன்னால இருக்கே, இந்த மைக் அப்போ எட்டு. இதுல நான் பேசினா உங்கப்பா காதுக்கருவியில மட்டும் கேட்கும். 'அரை நிமிஷம் இருக்கு', 'தண்ணி குடிங்க', இந்த மாதிரி. வானொலியில போகாது. ஒன்பது ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி. வீணை மட்டும் ஓடிக்கிட்டே கிடக்கும், யாரும் கேட்க மாட்டாங்க. எதுக்குன்னா, டவர் ரூம்ல ஒரு காவக்காரன் இருக்கான். ஆள் இல்லம்மா, பெட்டி. நான் அப்படிச் சொல்றது. பதினஞ்சு செகண்ட் சத்தமே வரலைன்னா ஸ்டுடியோ செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, அவனா ஒன்பதைத் திறந்து வீணையை விட்டுருவான். சத்தம் திரும்பி வந்ததும் மூடிருவான். ரேடியோவுக்கு அமைதின்னா பழுது. அதான் கணக்கு.

இந்தப் பட்டியலை அச்சடிச்சு சுவத்துல ஒட்டியிருந்தேன். நம்ம செயலாளர் தங்கதுரை ஸார் ஒரு நாள் உள்ள வந்தாரு. அவரு வண்டி நம்பரு, போன் நம்பரு, பொண்ணு கல்யாணத் தேதி, எல்லாம் எண் பார்த்துத்தான். பட்டியலைப் பார்த்தவரு மூஞ்சி மாறிப்போச்சு.

"என்னய்யா இது, எட்டு?"

"சேனல் நம்பர் ஸார்."

"எட்டு சனி எண்ணுய்யா. அதுவும் உன் மூஞ்சிக்கு நேரே வச்சிருக்கே. எடுத்துரு."

"எடுத்தா நடுவுல காலியா இருக்குமே ஸார்."

"இருக்கட்டும். வேண்டாதவன் நாற்காலி காலியா கிடக்கிறது நல்லதுதான்."

உங்கப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டிருந்தாரு. செயலாளர் போனதும் சொன்னாரு: "பால்வண்ணம், பந்தியில ஒரு இலையைத் தூக்கினா வரிசை பூரா நகரணும்லா. எல்லாரும் நகர்ந்தாச்சான்னு பாரு."

நகர்த்தினேன். இந்த மைக் எட்டுலயிருந்து ஒன்பதுக்கு. வீணை ஒன்பதுலயிருந்து பத்துக்கு. போன் பதினொண்ணு. அப்படியே கடைசி வரைக்கும். இந்த அறையில இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலயும் போயி பழைய நம்பரை எடுத்துட்டுப் புது நம்பரை வச்சேன். எல்லாத்துலயும் சத்தம் கேட்டுப் பார்த்தேன். சரியா இருந்தது.

"நகர்ந்தாச்சு அண்ணாச்சி"ன்னேன்.

டவர் ரூம்ல இருந்த காவக்காரனுக்குச் சொல்லலை. மறந்துட்டேன். அவன் இன்னும் ஒன்பதையே பார்த்துக்கிட்டிருந்தான். அவனுக்கும் இந்த அறைக்கும் நடுவுல ஒரு ஒயர் ஓடியிருந்தா பிடிச்சுக்கிட்டே போயிருப்பேன், ஞாபகம் வந்திருக்கும். இப்பவும் சொல்றேன், அந்தச் செயலாளர் எட்டை எடுக்கச் சொல்லாம இருந்திருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. நாலு மாசம் தெரியவே இல்ல. எப்படித் தெரியும்? உங்கப்பா பேசற ரேடியோவுல பதினஞ்சு செகண்ட் அமைதி எப்போ வந்திருக்கு?

அப்புறம் ஆலந்துறைப் படகு கவிழ்ந்தது. உங்களுக்குத் தெரியும், நீங்க அப்போ காலேஜ்ல இருந்தீங்க. நாலு பேரு போனாங்க, மூணு பேரு உடலாத்தான் வந்தாங்க. சூசை ராயன், அவரு தம்பி பர்னாந்து ராயன், சிலுவை மச்சாது. நாலாவது ஆளு மயங்கின நிலையில ஆஸ்பத்திரியில.

உங்கப்பாதான் சொன்னாரு, பதினோரு மணிக்கு மூணு பேரையும் வாசிச்சு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தலாம்னு. அவங்க அவரோட கரைக்காரங்க. ரெண்டு பேரு அவருக்குச் சொந்தம். கோயில் மண்டபத்துல எல்லாக் குடும்பமும் கூடியிருந்து ரேடியோவைக் கேட்பாங்க, சேர்ந்து நிப்பாங்கன்னாரு. மண்டபத்துக்கு மைக்செட்டு வேணும்னு கோயில்ல கேட்டாங்க. காலையில நானே போயி கட்டினேன். ரெண்டு குழாய், ஒண்ணு உள்ள, ஒண்ணு கடலைப் பார்த்து. ரேடியோவை அதுல சேர்த்துக் குடுத்துட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்ததும் உங்கப்பா கேட்டாரு, "ஒரு நிமிஷம் சத்தமில்லாம விட்டா மெஷின் ஏதும் பண்ணுமா?"

கேட்டாரும்மா. கேட்காம இல்ல.

நான் யோசிச்சேன். காவக்காரன் ஞாபகம் வந்தது. பதினஞ்சு செகண்ட்ல வீணையை விடுவான். விடட்டுமே, அஞ்சலிக்கு வீணை பொருத்தம்தானேன்னு நினைச்சேன். "ஒண்ணும் பண்ணாது அண்ணாச்சி"ன்னேன்.

இன்னொண்ணும் செஞ்சேன். வெளியே என்ன போகுதுன்னு கேட்க என் பக்கத்துல ஒரு சின்ன ரேடியோ எப்பவும் ஓடும். அதைக் கேட்டுக்கிட்டேதான் வேலை செய்யணும், அதுதான் முறை. அன்னைக்கு அஞ்சலி ஆரம்பிச்சதும் அதை நிறுத்திட்டேன். எதுக்கு? மரியாதைக்கு.

உங்கப்பா மூணு பேரையும் வாசிச்சாரு. வெறும் பேரு இல்ல. சூசைக்கு வலை பின்னுறதுல எவ்வளவு கை நேர்த்தி, பர்னாந்து பந்து விளையாடுவாரு, மச்சாதுக்கு மூணு பிள்ளைங்க, மூத்தது பத்தாவது. அப்புறம் "ஒரு நிமிடம் மௌனம் காப்போம்"னு சொல்லி, மைக்கை இறக்கிட்டு எழுந்து நின்னாரு. தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. நானும் எழுந்தேன். உட்கார்ந்துட்டேன். அப்புறம் இந்தப் பொத்தானை அமுக்கி, இந்த மைக்குல, உங்கப்பா காதுக்கு...

என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். உங்கப்பா சொன்னதா எல்லாரும் சொன்ன வார்த்தை. அதைச் சொன்னது நான்.

தண்ணி குடிக்கிறீங்களா? சரி.

"இந்த மச்சாதுக்கும் சேர்த்தா அஞ்சலி? போதை தெளிஞ்சிருந்தா கரைக்கு வந்திருப்பான். நல்லவங்க ரெண்டு பேரைச் சேர்த்து இழுத்துட்டுப் போயிட்டான்."

இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல.

அவனுக்கும் எனக்கும் பழைய பகை. ஒரு திருவிழாவுல என் பெட்டியிலயிருந்து ஒயரை உருவிட்டு, "ஏ மைக்செட்டு, நீ இங்க இருக்கிறதே யாருக்கும் தெரியலையே, பெட்டிதான் பேசுது"ன்னான். கூட்டமே சிரிச்சுது. அது நடந்து அப்பவே பதினாலு வருஷம். அவன் அன்னைக்குக் குடிச்சிருந்தான். அந்தத் திருவிழா அன்னைக்கு. படகுல போன அன்னைக்குக் குடிச்சிருந்தான்னு எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லலை. நானாத்தான்.

உங்கப்பா தலையை நிமிர்த்தி கண்ணாடி வழியா என்னைப் பார்த்தாரு. கோபமா இல்ல. 'இப்பவா இதைப் பேசறே'ங்கிற மாதிரி. எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் கேட்டுதுன்னு அவரும் நினைச்சாரு, நானும் நினைச்சேன். நிமிஷம் முடிஞ்சு அவரு "நன்றி"ன்னாரு, மாதா பாட்டைப் போட்டேன். போன்ல விளக்கு எரிஞ்சுது. ஒண்ணு, ரெண்டு, நாலும் எரிஞ்சுது.

முதல் போனை அவருதான் எடுத்தாரு. எனக்கும் கேட்டுது. ஒரு பொம்பளை குரல். "ஏலே இன்னாசி, உன் நாக்கு அழுகிப்போகும்லே. செத்தவனையா ஏசறே? அவன் பிள்ளைங்க இங்க நிக்குதுங்கலே!" பின்னால மண்டபத்துச் சத்தம். நான் கட்டின குழாய்ல மாதா பாட்டு.

உங்கப்பாவுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. எனக்கு இன்னும் புரியலை. நான் நம்பரைப் பத்தி யோசிச்சிக்கிட்டிருக்கேன். அவரு என்னை ஒரு தடவை பார்த்தாரு, காதுக்கருவியைக் கழட்டி மேசையில வச்சாரு, பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாரு. மைக்கைத் திறந்து சொன்னாரு: "சற்று முன் நம் ஒலிபரப்பில் நேர்ந்த மிகப் பெரிய தவறுக்கு வருந்துகிறோம். இறந்தவரின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். மனதார வருந்துகிறோம்."

அந்த 'றோம்'ல நானும் இருந்தேன்மா. என்னைச் சேர்த்துத்தான் 'றோம்'னாரு. ஊருக்கு அது எப்படித் தெரியும்? ரேடியோவுல பேசறவன் ஒருத்தன்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளு உட்கார்ந்திருக்கிறதோ, அவனுக்கு ஒரு குரல் இருக்கிறதோ யாருக்கும் தெரியாது. அந்த மச்சாது சொன்ன மாதிரிதான். இன்னாசி ஒத்துக்கிட்டான், மன்னிப்புக் கேட்டுட்டான்னு ஆகிப்போச்சு.

நான் பழுது தேடினேன். முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? ஒயரைப் பிடிச்சேன். மேசைக்கு அடியில படுத்துக்கிட்டு ஒவ்வொரு ஒயரா. எல்லாம் சரியா இருந்தது. மைக்கை உருவிப் போட்டேன், பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். மூணு மணி நேரம். கடைசியில டவர் ரூமுக்குப் போயி காவக்காரன் திரையைப் பார்த்தா, பச்சை எழுத்துல ஒன்பதுன்னு நிக்குது. எல்லாரும் நகர்ந்தாச்சான்னு பாருன்னு சொன்னாருல்லா. ஒருத்தன் நகரலை. வீணைன்னு நினைச்சு அவன் திறந்துவிட்டது என் மைக்கை.

அங்கேயே நின்னுக்கிட்டு ஒன்பதை அழிச்சுப் பத்துன்னு வச்சேன். அரை நிமிஷ வேலை. பழுது சரியாப்போச்சு. அதோட, பழுது எங்க இருந்துதுங்கிற அடையாளமும் போச்சு. அதையும் தெரிஞ்சுதான் செஞ்சேன்.

இன்னொரு பெட்டி இருக்கு. வெளியே போறது பூரா அதுல தானா பதிவாகும், தொண்ணூறு நாள் வச்சிருந்துட்டு அதுவா அழிச்சிரும். அன்னைக்கு அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, சோதனைச் சத்தம்னு பேரு மாத்தி, அழியாதபடி பூட்டி வச்சேன். அந்த மணி நேரத்து மூலப் பதிவை அழிச்சேன். முழுசா அழிச்சிருக்கலாம். ஏன் பூட்டி வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியலை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். சண்முகக்கனி சோறு போட்டா. அவ நாள் பூரா ரேடியோவைப் போட்டுட்டுத்தான் வேலை செய்வா. குழம்பை ஊத்திட்டு, கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே சொன்னா: "வீட்டுல நீங்க இவ்வளவு நீளமா பேசினதே இல்ல."

அவ்வளவுதான் சொன்னா. ஊர்லயே என் குரல் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். நான் சோத்தைப் பிசைஞ்சேன். அவ போயி ரேடியோவை நிறுத்தினா. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அது ஓடவே இல்ல.

மறுநாள் செயலாளர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. உங்கப்பா எனக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தாரு. சட்டைத் தோள்ல மண். மச்சாது பொண்டாட்டி ஸ்டெல்லா உங்க வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனது அன்னைக்குக் காலையிலதான்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க பார்த்தீங்களா? ... சரி.

"யாருய்யா சொன்னது?"ன்னாரு செயலாளர்.

உங்கப்பா என்னைப் பார்த்தாரு. நான் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு.

நான், "நெட்வொர்க்ல ஏதோ குழப்பம் ஸார். நம்பர் மாறி..."ன்னேன்.

"நெட்வொர்க்குக்கு மச்சாதைத் தெரியுமாய்யா?"

அடுத்ததும் அவருதான் கேட்டாரு.

"பதிவு எங்கே? போட்டுக் காட்டு."

"அன்னைக்கு அந்தப் பெட்டி ஓடலை ஸார்."

உங்கப்பா அப்பதான் பார்வையை என் மேலயிருந்து எடுத்தாரு. "நான் சொல்லலை ஸார். அதுக்கு மேல என் வாயில ஒண்ணும் வராது"ன்னு எழுந்துட்டாரு. கண்ணாடிக்கு உள்ள போயி தன்னோட தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டாரு. போகும்போது என் தோள்ல தட்டிட்டுப் போனாரு.

ஏம்மா, ஒரு வார்த்தை 'பால்வண்ணம்'னு சொல்லியிருக்கலாம்லா? நான் மறுத்திருக்க மாட்டேன். சத்தியமா மறுத்திருக்க மாட்டேன். அவரா சொல்லாம போயிட்டு, ஏழு வருஷமா என்னை இப்படி... சில நாள் அவரு மேல கோபம்கூட வரும். சொல்றது தப்புதான். ஆனா வரும்.

பத்து நாள் கழிச்சு நாலாவது ஆளுக்கு நினைவு திரும்பிச்சு. மச்சாது குடிக்கவே இல்லையாம். கவிழ்ந்ததும் மிதக்கறதுக்குக் கையில இருந்த காலி கேனை அந்த ஆளுகிட்டக் குடுத்துட்டு, ராயன் தம்பியைப் பிடிக்கப் போயிருக்கான். அந்தக் கேனாலதான் இவரு பிழைச்சது. கரையில அதுக்கப்புறம் உங்கப்பா மேல கோபம் ரெட்டிப்பாச்சு. எனக்கும் கேட்கத்தான் செஞ்சுது. கோயில்ல அவரு பக்கத்து நாற்காலியில யாரும் உட்கார்றதில்லைன்னு சொன்னாங்க.

சண்முகக்கனி அஞ்சு வருஷமும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேட்பா. "போனீங்களா?"

"போகணும்."

எங்கேன்னு அவளும் சொல்ல மாட்டா, நானும் கேட்க மாட்டேன். கடைசி ஞாயிறு அவளால பேச முடியலை. என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினா. நான், "போகணும்"னேன்.

போகத்தான் செஞ்சேன், பத்து நகல் எடுக்க.

இப்போ உங்க விஷயத்துக்கு வரேன். உங்கப்பா பதினோரு வருஷம் பேசியிருக்காரு. காத்து நிலவரம், மீன் விலை, கேட்டவங்க கடிதாசி, எவ்வளவோ. இந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருந்தது. அவரு இறந்த மாசமே, "இன்னாசி குரல் ஒண்ணுகூட இருக்க வேண்டாம், தவறிப் போட்டுட்டா ஊர்ல சண்டை வரும்"னு செயலாளர் சொன்னாரு. அழிச்சது நான்தான். ரெண்டு நாள் ஆச்சு அழிக்க. ஒவ்வொண்ணா கேட்டுட்டு அழிச்சேன்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்குமோ என்னவோ. கேட்கலை. மொத்தமா அழிச்சேன்.

மிஞ்சினது பூட்டி வச்ச அது ஒண்ணுதான். நான் ஒளிச்சு வச்சது. நல்லதெல்லாம் போச்சு, அது இருக்கு.

பயப்படாதீங்க. நேத்து நீங்க போன்ல கேட்டதுமே உட்கார்ந்து சுத்தம் பண்ணி வச்சுட்டேன். அவரு பேரு வாசிக்கிறது, 'மௌனம் காப்போம்', அப்புறம் 'நன்றி'. நடுவுல என் பேச்சை வெட்டி எடுத்துட்டேன். ஒட்டினதே தெரியாது. கோயில்ல போட நல்லா இருக்கும். எல்லாம் உங்க சௌகரியத்துக்காகத்தான் செஞ்சேன்.

என்னம்மா?

வெட்டாததா?

முழுசாவா? அந்தப் பேச்சோடயா? கோயில்லயா? அம்மா, ஸ்டெல்லா வருவாங்க. பிள்ளைங்க இப்போ பெரிசாயிருச்சு, அதுங்களும் வரும். அவங்க மறுபடி அதைக் கேட்கணுமா? அவங்களுக்காகத்தான் சொல்றேன்...

நீங்க ஏற்கெனவே ஸ்டெல்லாகிட்டக் கேட்டுட்டீங்களா? சரின்னுட்டாங்களா?

அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, அது நான்னு?

அப்பா சொன்னாரா? சொல்லலையா. பின்னே?

ஓ.

சண்முகக்கனி உங்க வீட்டுக்கு வந்தாளா. எப்போ? சாகறதுக்கு முந்தின மாசமா. ஆட்டோ பிடிச்சா? அவளால அப்போ நடக்கவே முடியாதே. எனக்கு... அவ எனக்குச் சொல்லவே இல்ல. உங்கப்பா என்ன சொன்னாரு அவகிட்ட? காப்பி குடுத்தாரா.

அப்படின்னா அந்த ஜெராக்ஸ் கடையில அவ பேரைப் படிச்சப்போ...

சரி. சரிம்மா. பென்டிரைவைக் குடுங்க. வெட்டாததையே போடறேன். இந்தப் பச்சைக் கோடு முடியற வரைக்கும் பிடுங்காதீங்க.

மைக்செட்டா? கோயில்ல யாரு கட்டறாங்க?

நானா?

... கட்டறேன். ரெண்டு குழாய் போதும். ஒண்ணு உள்ள, ஒண்ணு கடலைப் பார்த்து. காலையில ஆறு மணிக்கே வந்துருவேன். ஒயர் என்கிட்ட இருக்கு.

ஏறிருச்சு. எடுத்துக்குங்க. போட்டுக் கேட்டுட்டுப் போறீங்களா? வேண்டாமா. சரி. என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடறேன். மூணு நிமிஷம் இருபது செகண்ட். மூணு பேரு பேரையும் வாசிக்கிறதுல ஆரம்பிக்கும், 'மனதார வருந்துகிறோம்'ல முடியும். நடுவுல ஒரு இடத்துல நாற்காலி கிறீச்சிடும், அது என் நாற்காலி. அதுக்கப்புறம் வர்ற பதினொரு செகண்ட் என் குரல்.